திருப்பிச் சொல்ல ஒரு ஆள்

நாற்பத்தாறு வயதில் எம்.பி.ஏ. படிக்கப் போனது என் தலையெழுத்து. மேலே போக வேண்டுமென்றால் படி, பணம் நாங்கள் கட்டுகிறோம் என்றது கம்பெனி. போனேன். வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடியில் கண்டெய்னர் யார்டுக்கு மேலாளர்; சனி, ஞாயிறு திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் மாடியில் மாணவன். என் பக்கத்தில் உட்காரும் வங்கி மேலாளர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அந்த வகுப்பில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

யார்டுக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. எனக்கு வரும் போன்களையும் சேர்த்துச் சமாளித்தவர் கேட்டில் இருந்த அண்ணாச்சி. கடற்கரைத் தெருக்காரர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாலு பேர் முன்னால் என்னை ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் ‘ஏலே தம்பி’.

“நீ கெளம்புலே, இங்கன நான் பாத்துக்கிடுதேன்” என்பார். ஒன்றரை வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவர் முகம் சுளித்ததில்லை.

எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றதும் ஒருவர் பின்னால் போய், கண்டெய்னர் எண்ணையும் அதன் கதவில் பூட்டியிருக்கும் சீலின் எண்ணையும் உரக்கப் படிப்பார். அண்ணாச்சி ஜன்னலுக்குள் இருந்து, கையிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டு, அதை அப்படியே திருப்பிச் சொல்வார். அங்கிருந்து ‘ஆமா’ வந்த பிறகுதான் எழுதுவார். எழுதி முடித்ததும், “சரி. அடுத்தது.” வாய் நிறைய ஆத்தூர் வெற்றிலை இருந்தாலும் எண் மட்டும் குழறாது.

ப்ராஜெக்ட் நேரம் வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவரான பேராசிரியர், “உங்கள் நிறுவனத்தில் எது வீணாகிறது என்று கண்டுபிடியுங்கள்” என்றார். என் ஞாயிற்றுக்கிழமைதான் வீணாகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். யோசிக்கத் தெம்பில்லாமல், கண்ணுக்கு முன்னால் இருந்த கேட்டையே எடுத்துக்கொண்டேன். நாலு நாள் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் பார்த்தோம். எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஸ்டாப்வாட்சை அமுக்கியதும் அண்ணாச்சிதான்.

“என்ன எழவுக்குலே இது?”

“பரீட்சைக்கு, அண்ணாச்சி.”

“மார்க்கு வாங்குனாச் சரி.”

திருப்பிச் சொல்வதில் வண்டிக்கு மூன்று நிமிடம் போகிறது, எண்ணைப் படிப்பவர் கையிலேயே டேப்லெட் கொடுத்தால் ஒரு ஆளே போதும் என்று எழுதினேன். பழைய ஏடுகளைப் புரட்டி, பிழை ஒன்றுகூட இல்லை, ஆகவே சரிபார்க்கத் தேவையில்லை என்றும் எழுதினேன். மடையன்! தப்பாகப் படித்த எண்ணை அவர் எழுதும் முன்பே வாயாலேயே திருத்திவிடுவார். அது எப்படி ஏட்டில் ஏறும்? இருபது வருஷம் அங்கே குப்பை கொட்டிய எனக்கு இது தெரியும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு.

பணம் கட்டிய கம்பெனிக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்பது விதி. போயிற்று. இரண்டு மாதத்தில் கேட்டுக்கு டேப்லெட் வந்தது. அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது: சென்னை யார்டுக்கு மாற்றம், விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். மனைவிக்குப் பார்வை போய்விட்டது. சொந்த வீடு என்பதால் தடவித் தடவி நடமாடிக்கொண்டிருந்தார். புது ஊரில், புது வீட்டில் அந்த அம்மா என்ன செய்யும்?

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். கையில் வெள்ளைத்தாள்.

“தம்பி, ஒரு மனு எழுதிக் குடு. நீ எழுதுனா எடுப்பா இருக்கும். தமிழ்லயே எழுது, கையெழுத்துப் போடுற எனக்குப் புரியணும்லா.”

எழுதினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. “வாசி” என்றார். நான் ஒரு வரி படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னார், கேட்டில் சொல்வதைப் போலவே. நான் ‘ஆமா’ என்றதும் அடுத்த வரி. மூன்றாவது வரி இது: “கேட்டில் ஒருவரே போதும் என்று ஓர் ஆய்வு கூறுவதாக அறிகிறேன்.”

அண்ணாச்சி திருப்பிச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தார்.

“ஆளு விட்டுப்போச்சே, தம்பி.”

ஆய்வு செய்தது யார் என்று சொல்லாத அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

“வாச்சைப் புடிச்சவன் நாந்தானலே, எனக்குத் தெரியாதா? நீயே தப்புன்னு எழுதுனாத்தான் அவனுவ கேப்பானுவ. அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்.”

நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “என் மேலாளர் செய்த ஆய்வு இது. அதில் பிழை இருப்பதை அவரே ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டுள்ளார்.” படித்தேன். அதை ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொன்னார்.

“சரி. அடுத்தது.”

இரண்டு கையெழுத்தோடும் மனு போனது. முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அண்ணாச்சி விலகிக்கொண்டார். அவருக்காக ஒப்புக்கொண்ட பிழை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பட்டம் வந்தது, பதவி உயர்வும் வந்தது. இப்போதும் எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒரு தடவை படிக்கிறேன். திருப்பிச் சொல்லத்தான் ஆளில்லை.