தோண்டிய இடம்

மந்தைவெளி மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டியிலிருந்து பன்னீர் திராட்சை மணத்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் வாடகை வீட்டின் பின்புறம், எந்நேரமும் சோப்பு மணக்கும் துவைகல்லை ஒட்டி, அம்மா மண்ணைக் கொத்தினாள். திராட்சை விளையும் கம்பம் ஊரிலிருந்து மாமா கொண்டுவந்த திராட்சைக் குச்சியை நட்டாள். கொடி தழைத்ததும் மாடியிலிருந்து ஹவுஸ் ஓனரம்மா இறங்கி வந்தார்.

“இன்னாம்மா இது? உனக்கு வாடகைக்கு வுட்டது வீடு, தோட்டம் இல்ல. ஒத்தக் கொடிய வெச்சிக்கினு உன் பொண்ணு திராட்சத் தோட்டம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது. புடுங்கிப் போடு.”

கொடியைச் சுற்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

“தோண்டுறதாலதாங்க தோட்டம்னு பேரே வந்துச்சி. தோண்டுனது நான். காய்க்கலன்னா நானே புடுங்கிடறேன்.”

கொடி மாடிப்படிக் கம்பியைப் பிடித்து ஏறி, ஓனரம்மா வாசலிலேயே போய்க் காய்த்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு முதலில் தின்றவரும் அவர்தான். அடுத்த வாரம் விருந்தாளிகளிடம் அவர் சொன்னது துவைகல் வரை கேட்டது: “வாங்க, எங்க திராட்சத் தோட்டத்தப் பாருங்க.”

அம்மா நிமிரவில்லை. துணியை மட்டும் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

“கொஞ்சம் புளிப்பா கீதும்மா” என்றார் வண்டிக்காரர்.

“எங்க திராட்சத் தோட்டத்துலயும் அப்படித்தான்” என்று சொல்லி ஒரு கிலோ வாங்கினேன்.