தொப்புள் பார்க்கும் திசை

கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கையும் வலது கையால் தலைமேல் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, "சிவப்புச் சட்டை வராது. பக்கத்து மீசை... வரும், வரும், வந்தாச்சு!" என்கிறார் அவர். 'டங்' என்று கூண்டின் நெற்றியில் பந்து மோதுகிறது. சட்டென்று தலையைக் குனிந்து நிமிர்கிறார். கம்பியைத் தாண்டிப் பந்து வராது என்பது அவருடைய அறிவுக்கு நன்றாகத் தெரியும். கழுத்துக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோல்ஃப் பழகும் திடலில் பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டுவது இவர் வேலை. வாடிக்கையாளர்கள் பச்சைப் பாய்களின்மேல் வரிசையாக நின்று பந்துகளை அடித்துத் தள்ள, இவர் எதிரே ஊர்ந்துவந்து வாரிக்கொண்டு போவார். திடலில் தூரத்துக்கு ஒரு கொடி நட்டிருக்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் குறி வைப்பது இவர் வண்டியைத்தான். பதினோரு வருஷமாக ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தன்னைப் பார்த்தே அடித்தும் ஒருவர் மீதும் கோபப்படாததால், கூண்டுக்காரரை மகான் என்றே சொல்லிவிடலாம். என்ன, மகான்களுக்கு இத்தனை நீள வாய் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பாடம் சொல்பவர்கள் எல்லாம் அடிப்பவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். அடி வந்து விழும் இடத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவர் இவர் ஒருவரே. இவருடைய சாஸ்திரம் ஒரே வரி: "அடிச்சு முடிக்கையில தொப்புள் என்னைப் பார்த்தா, பந்து என்கிட்ட வரும்." விரிவுரை வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. "மட்டையைத் தூக்குறப்போ பாரம் பின்காலுக்குப் போகணும். இறங்குறப்போ முதல்ல கிளம்ப வேண்டியது இடுப்பு. இடுப்பு தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும், மட்டை கடைசியா வரும். ரயிலுதாங்க. இடுப்பு எஞ்சின், மட்டை கடைசிப் பெட்டி. கடைசிப் பெட்டி முந்திக்கிட்டு ஓடினா வண்டி எங்க போகும்? பள்ளத்துக்குத்தான்."

கையை மட்டும் வீசுகிறவருக்கு இவர் வைத்த பெயர் 'கொசு'. மொத்த உடம்பையும் ஒரே பலகையாகத் திருப்புகிறவர் 'கதவு'. மட்டை பந்தில் படுவதற்கு முன்பே தலையைத் தூக்கி அது போன திசையைத் தேடுகிறவர் 'எட்டிப் பார்த்தான்'.

முகப்பில் பந்துக் கூடை கொடுக்கும் அம்மணி இவருடைய மனைவி. "உடம்பைப் பத்தி இவ்ளோ தெரிஞ்ச மனுஷன், பல்லு தேய்க்கிறப்போ மட்டும் ஏன் சட்டையை நனைச்சுக்கிறாரு?" என்பது அம்மணியின் நிரந்தரச் சந்தேகம். அந்தத் திடலின் பயிற்சியாளர் அம்மணியின் தம்பி. கேமரா, கணினித் திரை, மூட்டுக்கு மூட்டு கோணம் என்று சகல ஆயுதங்களும் உள்ளவர்.

வினை பல் டாக்டர் ரூபத்தில் வந்தது. மச்சினரிடம் ஒரு வருஷம் பயின்றும் டாக்டர் கொசுவாகவே இருந்தார். ஒரு நாள் கூண்டுக்காரர் வண்டியைப் பாய் ஓரம் நிறுத்தி, "டாக்டர், கடைவாய்ப் பல்லைக் கையாலயா புடுங்குறீங்க?" என்று கேட்டார்.

"கையால எங்க வரும்? காலை ஊனி, இடுப்பைக் கொடுத்து..."

"அப்புறம் இங்க மட்டும் ஏங்க கை?"

டாக்டர் காலை ஊனி இடுப்பைத் திருப்பினார். பிறகு அடித்தார். பந்து நூறு கஜக் கொடியைத் தாண்டியது. மறுநாளே வகுப்பிலிருந்து நின்றுகொண்டார்.

மச்சினர் நேராகக் கூண்டுக்கு வந்தார். "மாமா, என் ஆளுங்களுக்கு நீங்க எதுக்குப் பாடம் எடுக்குறீங்க? வாழ்க்கைல ஒரு பந்தாவது அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சதில்ல மச்சான். வாங்கியிருக்கேன்."

"சரி, இன்னைக்கு அடிங்க. கூண்டுல நான் உக்காருறேன். ரெண்டு பந்து. ஒண்ணு பட்டாலும், ஞாயித்துக்கிழமைதோறும் பாய்க்குப் பின்னாடி நின்னு என்ன வேணா சொல்லிக்குங்க. படலேன்னா, வண்டி ஓட்டுறதோட சரி. வாயே திறக்கக் கூடாது."

பேசாதே என்பது அவருக்கு மூச்சு விடாதே என்பதற்குச் சமம். ஆனாலும் இறங்கினார்.

மச்சினர் வண்டியை நூறு கஜத்தில் நிறுத்திக் காத்திருக்க, அவருடைய மட்டையோடு பாயில் ஏறிய கூண்டுக்காரர் பந்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் நிற்க, இவர் மட்டும் அவர்களைப் பார்த்தபடி. சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கைதான். ஆனால் பதினோரு வருஷம் எதிரே இருந்து பார்த்துப் படித்த வித்தை, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகவே உடம்பில் ஏறியிருந்தது. வலதுகைக்காரர்களுக்கான அந்த மட்டையின் முதுகு பந்தை உரச, அது மூன்றடி உருண்டு கூச்சப்பட்டு நின்றது. "திரும்பி நில்லுங்கய்யா!" என்று சிரித்தார்கள். தூரத்தில் வண்டியின் ஹாரனும் இரண்டு முறை சிரித்தது.

அப்போது அம்மணி முகப்பை விட்டு இறங்கி வந்தார். யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன இடதுகை மட்டை ஒன்று அவர் கையில் இருந்தது.

"இது எதுக்கு?"

"ஷெட்டுல விளக்குமாத்தை வீசி வீசிப் பழகுறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? எல்லா விளக்குமாறும் தப்பான பக்கம் தேய்ஞ்சா பெருக்குறவளுக்குத் தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "என் தம்பிதான், இருந்தாலும் நல்லா அடிங்க" என்றார்.

அவர் கால்களை அகட்டி நின்றார். மட்டை மேலே போக, பாரம் பின்காலுக்குச் சாய்ந்தது. முதுகு கூண்டைப் பார்த்தது. உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு எஞ்சின் கிளம்பியது. இடுப்பு தோளை இழுத்தது, தோள் கையை இழுத்தது, கடைசிப் பெட்டி சவுக்குப்போல் வந்து சேர்ந்தது. தலை மட்டும் அசையவில்லை. அடிபட்ட ஓசை, நல்ல கதவை நல்ல தாழ் போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பின்காலின் நுனிவிரல் மட்டும் தரையில் நிற்க, தொப்புள் நேராகக் கூண்டை நோக்கியது.

"வராதுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்!" என்று கத்தினார் பல் டாக்டர். வெள்ளைப் புள்ளி ஏறியது, யோசித்தது, இறங்கியது.

டங்.

வரிசை முழுக்க மட்டைகளைப் போட்டுவிட்டுக் கை தட்டியது. அம்மணி பந்து துடைக்கும் துணியைச் சுழற்றினார். ஹாரன் வாயே திறக்கவில்லை. அடித்தவர் மட்டும் இதில் எதையும் பார்க்கவில்லை. நூறு கஜத்துக்கு இப்பால், வெட்டவெளியில், ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.