ஒஸ்டாப் மாமாவும் பீவர் கட்டின அணையும்

எங்க ஊருல வீம்புக்குப் பரிசு குடுத்தா, வருஷாவருஷம் ஒஸ்டாப் மாமாவுக்குத்தான்.

எங்க பண்ணைகளுக்குப் பின்னாடி நேஷனல் பார்க்கோட வேலி. அந்தப் பக்கம் பூமி தன் இஷ்டத்துக்கு இருக்கும்: ஆஸ்பென் காடு, நடுநடுவுல திட்டுத்திட்டா புல்வெளி, எல்க் மான், மரத்தைக் கடிச்சு அணை கட்டற பெரிய எலி மாதிரியான பீவருங்க தேக்கி வச்ச குளம். ஐயோ, அதைப் பாத்தா எனக்கு வீட்டுக்குத் திரும்பவே மனசு வராது! இந்தப் பக்கம் நாங்க. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட வயலு, கோடு போட்ட மூளை.

தாத்தா காலத்துல நிலமெல்லாம் சதுப்பாம். தண்ணியை வெளியேத்தினவன்தான் மனுஷன்னு அப்பவே முடிவாயிருச்சு. அதனால ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா மாமா விருந்தாளிங்களை இழுத்துட்டுப் போய்த் தன் வாய்க்காலைக் காட்டுவாரு. ஏதோ அரண்மனையைக் காட்டற மாதிரி! "எவ்ளோ நேரா இருக்கு பாத்தீங்களா?" ஆமா மாமா, நேராத்தான் இருக்கு. அதுக்குன்னே பார்க்குலேருந்து வர்ற ஓடையையும் நிமித்தி வச்சிருந்தாரு.

அந்த ஓடையில, அவர் நிலத்துல, பீவருங்க அணை கட்டும். பனி உருகினதும் மாமா டிராக்டர்ல கொக்கி மாட்டிக் கிளம்பிருவாரு.

ஸ்டெஃபானியா அத்தை வாசல்ல நின்னு கத்தும். "போங்க, ஜெயிச்சுட்டு வாங்க! எலியோட சண்டைக்கு டிராக்டர் வேணுமாம்!"

"எலி இல்லடி, திருடன்! என் நிலத்துல தண்ணி தேக்க அவன் யாரு?"

"இருந்துட்டுப் போகட்டுமே மாமா, கோடையில மாட்டுக்கு ஆகும்ல?"ன்னேன்.

"பார்க் கேட்ல டிக்கெட் கிழிச்சவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

அணையைப் பிச்சுப் போட்டாரு. அதுங்க மறுபடி கட்டும், அவரு மறுபடி பிப்பாரு. ஒரு வருஷம் பீவருங்க திரும்பி வரவே இல்ல. மாமா பீர் வாங்கி ஊருக்கே ஊத்துனாரு. கூறு கெட்ட ஊரு, குடிச்சுட்டுக் கை தட்டுச்சு.

அடுத்த குளிர்காலம் பனியே விழல. கோடையில மழையும் இல்ல. நேரான வாய்க்கால் நேரா காஞ்சு கெடந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி இல்லன்னா ஏலத்துக்கு அனுப்பணும், வேற வழியில்ல. மாமா டவுன்லேருந்து டேங்க்ல தண்ணி இழுத்துப் பாத்தாரு, கட்டுப்படியாகல. வேலிக்கு அந்தப் பக்கம் பீவர் குளம் தளும்புது. மாடுங்க வாசனை புடிச்சு, கம்பியில கழுத்தை வச்சுக்கிட்டு கத்துச்சுங்க. புட்டியில பால் குடுத்து அவரே வளர்த்த கலினாங்கற பசுவும் அதுல ஒண்ணு.

பாதி மந்தை லாரி ஏறிருச்சு. ஏலத்துக்குப் போற மாடுங்கள்ல கலினா பேரை மட்டும் மாமா சேக்கல; அது தொழுவத்துலயே நின்னுச்சு. லாரிக்காரனும் கேக்கல.

இலை பழுக்கறப்போ கொஞ்சம் மழை. ஓடையில நூல் மாதிரி தண்ணி. ஒரு சாயங்காலம் பாத்தா, மாமா வெட்டின ஆஸ்பென் கிளைங்களை இழுத்துட்டு வந்து ஓடைக் கரையில அடுக்கறாரு. பச்சைக் கிளை. பீவருக்கு அல்வா!

"என்ன மாமா இது?"

"வெறகு."

"வெறகைத் தண்ணியிலயா காய வைப்பீங்க?"

"உன் வேலையைப் பாத்துட்டுப் போடி!"

நான் போகல. வாய்க்கு வந்தபடி கிண்டலடிச்சுக்கிட்டே மறுமுனையைத் தூக்கினேன். தினமும் இதே வேலை. கிளையெல்லாம் அப்படியே கெடந்து வாடிச்சு. "திருடனுக்கும் மானம் ரோஷம் இருக்குல்ல"ன்னு அத்தை ஜன்னல் வழியா எடுத்துக் குடுத்துச்சு.

அப்புறம் ஒரு நாள் கரை காலி. சேத்துல இழுத்துட்டுப் போன தடம். நாங்க குனிஞ்சு பாக்கறப்போவே, ஒரு பீவர் வாலால தண்ணியில பட்டுனு ஒரு அறை!

மாமா தொப்பியைக் கழட்டிட்டாரு. கண்ணு கலங்கியிருச்சு, எனக்குந்தான்.

"வந்துட்டியாடா, திருட்டுப் பயலே"ன்னாரு. "ஏன்டா இவ்ளோ லேட்டு?"