ஊர் பார்க்கப் போன நான்காவது ஆள்

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தைக்கு மாப்பிள்ளை தேடியபோது அப்பா, பெரியப்பா, தரகர் என்று சரியாக மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். தம்பி கைக்குழந்தை. அதனால் நான்காவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதே வாய் கிடையாது. யாராவது பேர் கேட்டால்கூட அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய்விடுவேன். "இது கூட வந்தாலும் வராத மாதிரிதான்" என்றார் பெரியப்பா. அந்தத் தகுதியில் நான் மூன்று நகரங்களைப் பார்த்தேன்.

நாங்கள் கொல்லிமலையில் செம்மேட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு யூனியன் ஆபீசில் வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். தண்ணீர், விறகு, சமையல், தம்பி எல்லாம் அவள் பொறுப்பு. சோறுகூட அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவாள்.

தையல் பழக அவள் இரண்டு தடவை ராசிபுரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் அம்மா காலையில் மலை இறங்கும் பஸ்ஸின் கண்டக்டரிடம், குழந்தைக்குக் காய்ச்சல், கிளம்பி வரச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் உண்மைதான். மலையில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும். அத்தை சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். துணி வெட்டுவது வரைக்கும் பழகியிருந்தாள். தைப்பது பாக்கி நின்றுபோனது.

ஊரைப் பார்த்த பிறகுதான் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கொள்கை. ஜாதகம் பொருந்திய மூன்று பேரும் மூன்று ஊரில் இருந்தார்கள். முதல் பயணத்தன்று அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "போற ஊரை நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லோணும் கண்ணு" என்றாள். மற்றவர்களிடம் வராத பேச்சு எனக்கு அவளிடம் வரும்.

முதலில் சேலம். மலை இறங்கும் வளைவுகளில் நான் எடுத்த வாந்தி போக மீதி எல்லாம் நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அறைக்கு அறை ஃபேன் சுற்றியது. சுற்றியும் வெயில் குறையவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வராமல் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. பெரியப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. "நெனச்சா வந்துரலாம். காலைல கிளம்புனா மத்தியானச் சோத்துக்கு மலையில இருக்கலாம்" என்றார். அம்மாவும், "கூப்பிட்ட கொரலுக்கு வந்துருவா" என்று சந்தோஷப்பட்டாள்.

அடுப்படியில் நான் ஃபேனைப் பற்றிச் சொன்னேன். அத்தை கேட்டது வேறு.

"அங்க எப்பக் கண்ணு பஸ் ஏறுனீங்க?"

"சாப்பிட்டுட்டு ஏறுனோம். வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துட்டோமே."

அவள் அடுப்பை ஊதினாள்.

அடுத்தது திருப்பூர். ஒரு தெருச் சாக்கடையில் சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடியது, அடுத்த தெருவில் நீலம். வழியெல்லாம் பனியன் கம்பெனிகள் கழித்துப்போட்ட துணி வெட்டுகள் கிடந்தன. பொம்மைக்காக மடி நிறையப் பொறுக்கிக்கொண்டேன். குடிக்கக் கொடுத்த தண்ணீர் உப்பு. ஆனால் அந்த ஊரில் சும்மா இருக்கும் ஆளையே பார்க்க முடியாது என்று அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. வெட்டுகளை அத்தையிடம் கொட்டினேன். அவள் ஒன்றை விரலால் நீவிக்கொண்டே, "கடைசி பஸ்ஸைப் புடிச்சுட்டீங்களா?" என்றாள். ஓடிப் பிடித்தோம் என்றேன். "ம்" என்றாள்.

மூன்றாவது பெங்களூர். அங்கே பாஷை தெரியாதே என்று பெரியப்பா வழியெல்லாம் கவலைப்பட்டார். டீக்கடையில் நான்கு விரலைக் காட்டி, கண்ணாடி டம்ளரைத் தூக்குவது போல நடித்தார். கடைக்காரர் அவரை முழுக்க நடிக்கவிட்டு, "ஏனுங்க, சக்கரை தூக்கலாங்களா?" என்று கேட்டார். அவருக்கு நாமக்கல் பக்கமாம். தரகர் சிரித்த சிரிப்பில் பெரியப்பா அந்த ஊரையே வெறுத்துவிட்டார். நேரம் இருந்ததால் என்னைக் கண்ணாடி வீடு இருக்கும் பெரிய பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அவ்வளவு பூவை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. குளிர் எங்கள் மலையைப் போலவே இருந்தது.

திரும்பும்போது சேந்தமங்கலத்தில் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. தரகரின் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் வந்து சேர்ந்தோம். "இது ஆவாது. ஒரு நல்லது கெட்டதுக்கு ஆளு வந்து சேர மறுநாளாயிரும்" என்று பெரியப்பா வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார்.

நான் அடுப்படிக்கு ஓடிப் பூங்காவைச் சொன்னேன். அத்தை முழுக்கக் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கே இங்க வந்து சேர முடியாதா?"

"ஓடுனாலும் முடியாது அத்தை."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பூவெல்லாம் எப்படி இருந்துச்சு, இன்னொருக்காச் சொல்லு" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் பூக்களைச் சேர்த்துச் சொன்னேன்.

அன்று சாப்பிடும்போது, சேலத்தையே முடித்துவிடலாம் என்றார் அப்பா. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தை, "பெங்களூர் எடத்தையே பேசுங்கண்ணா" என்றாள்.

அத்தை எதையும் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அத்தாந்தொலைவு போயி என்ன அம்மிணி பண்ணுவே?" என்றாள் அம்மா.

"குளிரு பழகுனதுதானுங்க அண்ணி. சேலத்து வெயிலு எனக்கு ஆவாது."

பிறகு எத்தனை முறை கேட்டாலும் வெயிலையே சொன்னாள். கடைசியில் அப்பா பெங்களூருக்கே தலையாட்டினார். அம்மா சில நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெங்களூர் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். உயரமாக, என்னைப் போலவே பேச்சு வராதவராக இருந்தார். அத்தை சரி என்றாள். கல்யாணம் முடிந்து பஸ் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் பாத்துச் சொன்னே சாமி" என்றாள். பூங்காவைத்தான் சொல்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

அடுத்த முழுப்பரீட்சை லீவில் அம்மா எங்களை அங்கே கூட்டிப்போனாள். வீடு சின்னது. ஜன்னலோரம் தையல் மிஷின் இருந்தது. பக்கத்தில் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, பட்டப்பகலில், அத்தை டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் எழுந்திருப்பதைப் பார்க்க எனக்குப் புதிதாக இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி பூங்காவைப் பற்றித்தான்.

"அங்கயா? இன்னும் போவவே இல்லை கண்ணு" என்று சிரித்தாள்.

எனக்கு மனசே கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம், "பாவம் அத்தை. அதுக்குன்னே அவ்வளவு தூரம் போயி, அதைப் பாக்கவே இல்லையாம்" என்றேன். அம்மா தூங்கும் தம்பியை மடி மாற்றிக்கொண்டாள். "பூவைப் பாக்கவா போனா அவ" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.