ஏணியைப் பிடிக்கச் சொன்னவர்

மிலிட்டரி மாமா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் காய்கறிக் கடையில் கிடைத்தது. சொன்னவள் தெருமுனை வீட்டுக் கன்னடக்காரி கௌரம்மா. பேரம் பேசிய அவரைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு, "செல்வி, மாமா ஹோக்பிட்ரு" என்றாள். தொண்ணூறைத் தாண்டியவர், கல்யாணச் சாவுதான். ஆனாலும் எனக்குக் கை உதற ஆரம்பித்தது. பயமோ துக்கமோ, எனக்கு முதலில் கைதான் போகும். ஒக்கலிபுரத்தில் அதை என்னிடம் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

நம் தெருவுக்குப் பிற்பாடு குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உலகப் போரில் பர்மா பக்கம் ஆற்றுக்குப் பாலம் போட்ட பட்டாளத்துக்காரர் முனுசாமி மாமா. காவிரித் தகராறு வந்த வருடம் அவருக்கு எண்பது நிறைந்தது. நம்மவர்களுக்குத்தான் பேனர் கட்டாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காதே. தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கும் நடுவில், சீருடையில் அவர் படம் வரைந்து, 'அஞ்சா நெஞ்சர் முனுசாமிக்கு எண்பது' என்று கொட்டைத் தமிழ் எழுத்தில் துணி பேனர் கட்டினோம். அவருக்குப் பிடிக்கவில்லை. "யாரு அஞ்சாதவன்? குண்டு விழுந்தப்ப லாரிக்கு அடியில படுத்து எங்கம்மாவக் கூப்ட்டவன் நானு. அத எழுதுங்க" என்றார். எல்லோரும் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தோம்.

பிறந்தநாளன்று மதியமே கடைகள் மூடிவிட்டன. மெயின் ரோடு பக்கம் புகை. தமிழ் போர்டு பார்த்துப் பார்த்து அடிக்கிறார்கள் என்று யாரோ ஓடிவந்து சொன்னதும் தெரு மொத்தமும் தாழ் போட்டுக்கொண்டது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். என் பெண்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளின பிறகுதான் எனக்குப் பேனர் ஞாபகம் வந்தது. எங்கள் விலாசத்தை நாங்களே எழுதித் தெருமுனையில் தொங்கவிட்டிருக்கிறோம்.

கதவைத் தட்டினது மாமா. வெள்ளையடிக்கிற ஏணி எங்கள் வீட்டில்தான் இருந்தது.

"செல்வி, ஏணிய எடு."

"மாமா, எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான். காலு ஆடுது பாரு."

பார்த்தேன். நிஜமாகவே வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

எண்பது வயதில் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஏறினார். கீழே நான். ரோட்டுப் பக்கம் கூச்சல் கிட்டே கிட்டே வந்தது. என் நடுக்கத்தில் ஏணியே தடதடத்தது. "மாமா, என் கை நிக்கல" என்றேன். "நடுங்குனா நடுங்கட்டும். ஏணிய மட்டும் உட்றாத" என்று மேலிருந்து சொன்னார். அவர் குரலும் நடுங்கியது. ஒரு பக்கக் கயிற்றை அறுத்து, ஏணியை இழுத்துப்போய் அடுத்த பக்கத்தையும் அறுத்ததும், படத்தில் வரைந்த மீசை என் தலைமேல் விழுந்தது. சுருட்டிய துணியோடும் ஏணியோடும் கௌரம்மா எங்களைத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போட்டு, வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

காலடிச் சத்தம் வந்து நின்றது. "இல்லி யாரூ இல்லப்பா, ஹோகி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். இங்கே யாரும் இல்லை, போங்கள் என்று. உள்ளே அடுப்படியில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுங்கியது யார் கை என்று தெரியவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

எண்பதாவது பிறந்தநாளை அந்த அடுப்படியிலேயே, என் பெண்களையும் கூட்டிவந்து, கௌரம்மா கிளறிய கேசரியைக் குசுகுசுவென்று பேசியபடி தின்று முடித்தோம். "பயமே இல்லன்னு சொல்றவன் பக்கத்துல நிக்காதம்மா. அவன் சாகறதோட உன்னயும் சேத்து சாவடிப்பான்" என்று மாமா அப்போதுதான் சொன்னார். மறுநாள் மதியம் என் வீட்டுக்காரர் நடந்தே வந்து சேர்ந்தார்.

நேற்று சங்கத்துப் பிள்ளைகள் கண்ணீர் அஞ்சலி பேனர் கொண்டுவந்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. மறுபடியும் 'அஞ்சா நெஞ்சர்'. இரண்டு மொழியிலும் அந்த வார்த்தைமேல் வெள்ளைத் தாள் ஒட்டவைத்த பிறகுதான் விட்டேன். கட்டும்போது ஏணியைப் பிடிக்கப் போனேன். "அக்கா, தள்ளுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நான் தள்ளவில்லை. மழை பொய்த்துக் காவிரித் தகராறு கிளம்புகிற வருடங்களில் எனக்கு இன்றைக்கும் அதே பயம்தான். முதலில் தெருமுனையைத்தான் பார்ப்பேன். என் பயத்தை மாமா போக்கவில்லை, போக்குகிறேன் என்று சொல்லவும் இல்லை. அதே கம்பம், ஏணியில் யாரோ ஒரு பையன், கீழே நான். கை நன்றாகவே நடுங்கியது. ஏணியை விடவில்லை, மாமா.