நகத்தளவு காற்றாடி

மருவைக்கூட அழிக்கமாட்டார் என்பதுதான் துறைமுகத் தெருவில் போட்டோக்காரர் சம்பாதித்திருந்த பெயர். பெண்ணின் கன்னத்து மருவை மட்டும் எடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எத்தனையோ தாய்மார்கள் கெஞ்சியிருக்கிறார்கள். முகத்தில் இருப்பது படத்திலும் இருக்கும் என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். ஆனால் விபத்தென்றால் போலீஸ் அவரைத்தான் கூப்பிடும். படகு உடைந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அவர் எடுத்த படத்தைத்தான் கேட்பார்கள். ஒரு முக்காலி, ஒரு நீலத்திரை, இருமிக்கொண்டே ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அந்த எட்டடிக் கடைக்குள் மனிதர் ராஜா.

கடலுக்குள் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனி மின்சாரக் காற்றாடிகளை நடப்போகிறது என்றதும் தெரு கொதித்தது. மீன் ஓடிவிடும், மழை வராது, பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதிர்ப்புக் குழுத் தலைவர், போட்டோக்காரருடைய மனைவியின் அண்ணன். நம் கரையிலிருந்து பார்த்தால் காற்றாடிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் பேனர் வேண்டும் என்று கடைக்கு வந்தார்.

போட்டோக்காரர் தூரத்தைக் கணக்குப் பார்த்து ஒழுங்காகத்தான் செய்தார். அடிவானத்தில் நாற்பது குச்சிகள்.

"என்ன மாப்ள, பல்லு குத்துற குச்சிய நட்டு வச்சிருக்க? இதப் பாத்து எவன் பயப்படுவான்?"

பெரிதாக்க முடியாது என்றார் போட்டோக்காரர். மூன்று நாள் மனைவி பேசவில்லை. நான்காம் நாள், அண்ணன் கேட்ட ஒரு காரியத்தைச் செய்ய வக்கில்லாதவருக்குச் சாப்பாடு ஒரு கேடா என்று தட்டை நகர்த்திவைத்தாள். அன்று மாலை அவரே போன் செய்தார்.

"எவ்வளவு பெருசு வேணும் மச்சான்?"

"பாக்கறவன் வயித்துல புளியக் கரைக்கணும்."

தெருவெங்கும் பேனர் ஏறியது. காற்றாடிகள் கூரைகளை மிதிக்க வருவதுபோல் நின்றன.

கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. போட்டோக்காரரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கம்பெனியின் இன்ஜினியர் ஓர் இளம்பெண். வாதாடவில்லை. எல்லோரையும் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னாள். அந்த நகத்தில் பாதி உயரம்தான் தெரியும் என்றாள். தூரத்துக் கப்பல்களைத் தினமும் பார்க்கிறவர்கள். அவள் சொன்னது சரியென்று அவர்களுக்கே தெரிந்தது. முந்நூறு விரல்கள் அந்தரத்தில் நின்றன. பிறகு, பேனரை யார் செய்தது என்று கேட்டாள்.

"எங்க மாப்ளதாங்க," என்றார் மச்சான், உடனே. "மருவக்கூட அழிக்காத ஆளாச்சேன்னு நம்பிட்டோம்."

மண்டபம் சிரித்தது. பேனரைத் தோளில் சுமந்து கட்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பக்கத்தில் நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்த மனைவி தன் நகத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்; அவளும் சிரித்துவிட்டாள்.

அதன்பின் போலீஸ் கூப்பிடவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அவர் எடுத்த படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் கட்டைவிரலை நீட்டின. லைசென்ஸ் படத்துக்கு வருகிறவர்கள், மூக்கு காற்றாடியாகிவிடாமல் பார்த்து எடுக்கச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருடத்தில் காற்றாடிகள் வந்தன, பாதி நக உயரத்தில். மீனும் ஓடவில்லை. காற்றாடிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக் கான்ட்ராக்ட் மச்சானுக்குக் கிடைத்தது. புது ஆபீஸ் சுவரில் மாட்ட, காற்றாடிகள் பின்னால் தெரிய, கரையில் நின்று போட்டோக்காரரிடமே படம் எடுத்துக்கொண்டார். நாலு பேரோடு கடைக்கு வந்து கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார்.

"காத்தாடியே காணோமே மாப்ள. கொஞ்சம் பெருசாக்கு. உனக்கென்ன, பழகின கைதானே."

நாலு பேரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் திரும்பவில்லை.

"எவ்வளவு பெருசு வேணும் மச்சான்?"

"போன வாட்டி அளவே போதும்."

பழைய காற்றாடிகள் கம்ப்யூட்டரில் அழியாமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மச்சானின் தோளுக்குப் பின்னால் நட்டார். பிறகு முகத்தைப் பெரிதாக்கி, தாடையிலிருந்த மருவை, யாரும் கேட்காமலே, அழித்தார்.