ஸ்டாக் இல்லை என்று சொன்ன சாயங்காலம்

போன வாரம் உளுந்தூர்பேட்டை சாலையில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றேன். குழாயைக் கையில் எடுத்த பெண், “ஜீரோ பாத்துக்குங்க மேடம்” என்றாள். மெஷினில் ஜீரோ இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் மூடியைத் திறக்கவில்லை என்பதே உறைத்தது. அந்த மூன்று வார்த்தைகளை இரண்டரை வருஷம், ஒரு நாளைக்குச் சில நூறு தடவை, நானே சொல்லியிருக்கிறேன். இப்போதும் யாராவது அதைச் சொன்னால் என் வலது கை தானாகக் குழாயைப் பிடிக்கிற மாதிரி மடங்கிக்கொள்கிறது.

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நீலக் கோட்டும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் கேட்டால் “ஆயில் கம்பெனியில இருக்குது” என்று அம்மா சொல்வாள். நானும் மறுத்ததில்லை. தொப்பி எனக்கு நன்றாக இருக்கிறது என்று ஒரு நினைப்பும் உண்டு. தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று கூட வேலை பார்த்த வசந்தா அக்கா சொல்லும்வரை அந்த நினைப்பு இருந்தது.

பெட்ரோல் வாசனை சோப்புக்குப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அம்மா ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மை அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றும் வேலையில் இருந்தாள். அவள் வீட்டுக்குள் நுழைந்தால் ஈர மண் வாசனை, நான் நுழைந்தால் பெட்ரோல். ஒற்றை அறை வீட்டில் இரண்டும் சேர்ந்து என்னவோ செய்யும். “உன் கோட்ட வெளியில மாட்டு, அடுப்பு பத்த வெக்கவே பயமா இருக்குது” என்பாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நான் குளித்துவிட்டு வந்த பிறகுதான் ஸ்டவ்வைப் பற்ற வைப்பாள்.

பயம் என்றதும் நினைவுக்கு வருவது சாயங்காலச் செய்திதான். இப்போது மாதிரி அந்த நாளில் விலை தினமும் மாறாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். திடீரென்று ஒரு சாயங்காலம், ‘இன்று நள்ளிரவு முதல்’ என்று டி.வி.யில் ஆரம்பிப்பார்கள். பங்க்குக்கு எதிர்த்த டீக்கடையில் டி.வி. இருந்தது. செய்தி நேரம் வந்தாலே என் கண் அந்தப் பக்கம் போய்விடும். விலையை ஏற்றுவது யாரோ, எங்கேயோ. ஆனால் மறுநாள் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தானே. டெம்போக்காரர், வேன்காரர், ஆட்டோக்காரர் எல்லோருடைய கோபமும் வரிசையில் நின்று என்னிடம்தான் வந்து சேரும். ஒருத்தர் “உங்க வூட்டுக் கெணத்துலேருந்தா எறைக்கிறீங்க, இம்மாம் வெல சொல்றீங்க” என்று கேட்பார். இன்னொருத்தர் எதுவும் பேசமாட்டார், வண்டியின் மூடியை மட்டும் ஓங்கி அறைவார். பேசுகிறவர்களைவிடப் பேசாதவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

பேசுகிறவர்களில் முதல் ஆள் அன்பழகன் அண்ணன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். பெட்ரோல் போட வந்தால் இறங்கிக் குனிந்து ஜீரோவைப் பார்ப்பார். போட்டு முடித்ததும் குழாயைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி உள்ளே இருக்கிற கடைசிச் சொட்டையும் வடிய விடுவார். மெஷின்மீது அவருக்கு நம்பிக்கை கிடையாது. மேனேஜர்மீது கிடையாது. என்மீதும் கிடையாது. ஒருமுறை விலை ஏறிய மறுநாள் அரை மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டு, கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “வண்டியில ஏறுறவங்ககிட்ட ஒரு ரூவா கூடக் கேட்டா எங்கிட்ட சண்டைக்கு வராங்க. நான் உங்கிட்ட வரேன். நீ யாருகிட்டம்மா போவ?”

அன்றைக்கு வீட்டுக்குப் போய், ரசத்தில் உப்பில்லை என்று அம்மாவிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவர் மனைவி மல்லிகாவையும் எனக்குத் தெரியும். அம்மா வேலை பார்த்த அதே யூனிட்டில், கல்லை மாவாக அரைக்கிற கொட்டகையில் இருந்தாள். அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவர்களின் கண்ணிமையெல்லாம் வெள்ளையாக இருக்கும். மல்லிகாவுக்குக் கொஞ்ச நாளாக மூச்சு இழுக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் சொல்ல வந்த நாளில் மத்தியானமே வதந்தி வந்துவிட்டது, இன்றைக்கு ஏற்றப் போகிறார்கள் என்று. மூன்று மணிக்கெல்லாம் பங்க்கிலிருந்து ஆட்டோக்களும் டூவீலர்களும் ரோட்டை அடைத்து நின்றன. கம்மாபுரம் பக்கத்திலிருந்துகூடக் கேனைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து மணிவரை ஊற்றினோம். அதன் பிறகு முதலாளியிடமிருந்து மேனேஜருக்கு போன் வந்தது. அவர் ஆபீஸ் அறைக்குள் போய் மெஷின் சுவிட்சை அணைத்தார். கயிற்றைக் குறுக்கே கட்டச் சொன்னார். ‘ஸ்டாக் இல்லை’ என்று எழுதிய தகரப் பலகையை என்னிடம்தான் கொடுத்தார்.

ஸ்டாக் இருந்தது. காலையில்தான் டேங்கர் லாரி வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. தரைக்கடியில் இருக்கிற தொட்டிக்குள் அளவு பார்க்கும் நீளக் கம்பியை விட்டு, ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்த்தவளே நான்தான். இன்றைக்கு நிறுத்திவைத்தால் நாளைக்குப் புது விலைக்கு விற்கலாம், அவ்வளவுதான் விஷயம். மேனேஜர் கெட்டவர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். வசந்தா அக்கா என் காதருகே வந்து, “கண்ணப் பாக்காத. வாயால மட்டும் சொல்லு, போயிடுவாங்க” என்றாள். அவளுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

ஆனால் யாரும் போகவில்லை. வேறு லோடு வருமோ என்ற நப்பாசையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து கேட்டார்கள். “இல்லண்ணா.” “தீந்துடுச்சுண்ணா.” முதலில் தகரப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பத்துப் பதினைந்து தடவை சொன்ன பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், அது ‘ஜீரோ பாத்துக்குங்க’ மாதிரியே சரளமாக வர ஆரம்பித்துவிட்டது. நடுவில் வீட்டில் குழம்புக்கு என்ன வைப்பது என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் அன்பழகன் அண்ணன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே மல்லிகா. இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கை பக்கத்தில் பிடித்திருந்தாள். இங்கே ஊசி போட்டாகிவிட்டது, கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்று அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வேறொரு கேசுக்குப் போயிருந்ததாம். வேறு ஆட்டோ பிடிக்கலாம் என்றால், ஸ்டாண்டில் இருந்த வண்டியெல்லாம் காலி டேங்கோடு எங்கள் கயிற்றுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தன.

அண்ணன் கத்தவில்லை. அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

“ரெண்டு லிட்டரு ஊத்தும்மா.”

“ஸ்டாக் இல்லண்ணா” என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் பழகியிருந்தது, வந்துவிட்டது. அவர் சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார், மெஷினைக் காட்டு என்பார். அவர் “இல்லியா… சரி” என்றார். வண்டியைத் திருப்பினார். அடுத்த பங்க் ரயில்வே கேட்டைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்தது. அதுவரைக்கும் தள்ளத் தயாராகி, ஹேண்டிலில் ஒரு கையும் கம்பியில் ஒரு கையுமாகக் குனிந்தார். ஒரு சொட்டு பெட்ரோலுக்குக்கூட என்னை நம்பாத மனிதர் அந்த ஒரு வார்த்தையை நம்பிவிட்டார்.

நான் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. ஆபீஸ் அறையில் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டேன். அவர் என்ன, என்ன என்று எழுந்திருப்பதற்குள் வெளியே வந்து கயிற்றை அவிழ்த்தேன். “அண்ணா, இங்க வாங்க” என்று கூப்பிட்டது என் குரல் மாதிரியே இல்லை. குழாயைச் செருகி அழுத்தினேன். மெஷின் ஓடத் தொடங்கியது. எண்கள் உருளுகிற அந்தச் சத்தம் ரோடு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

முன்னால் நின்றவர்கள் மெஷினை எட்டிப் பார்த்தார்கள். பிறகு கூட்டம் பொங்கியது. இரண்டு மணி நேரமாக வெயிலில் நின்றவர்கள். ஸ்டாக் இருக்கிறது, இந்தப் பெண் நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கயிறு போன இடம் தெரியவில்லை. நாலா பக்கமும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரோ என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். தொப்பி காலடியில் மிதிபட்டது. அதையெல்லாம்விட மோசமானது வேறு. அன்பழகன் அண்ணனின் ஆட்டோ வெளியே போக வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் இருக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஒரு அடி நகர முடியவில்லை. உள்ளே மல்லிகாவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

வசந்தா அக்காதான் மெஷின் மேடைமேல் ஏறி நின்றாள். கண்ணைப் பார்க்காதே என்று எனக்குச் சொன்னவள், கூட்டத்தின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “ஸ்டாக்கு இருக்குது. எல்லாருக்கும் ஊத்தறோம். மொதல்ல அந்தம்மாவ உடுங்க.”

முன்னால் நின்ற ஒரு டெம்போ டிரைவர் அப்போதுதான் ஆட்டோவுக்குள் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் காலரைப் பிடித்திருந்த கையும் விட்டது. ஆளுக்கொரு பக்கமாக வண்டிகளைப் பின்னால் இழுத்தார்கள். நகர்த்த முடியாத ஒரு பைக்கை நாலு பேர் தூக்கியே வைத்தார்கள். ஆட்டோ புகையைக் கக்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் ரோட்டில் திரும்பி மறைந்தது.

அந்தப் புகை மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆயில் ஊற்றவில்லை.

உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்து ஆட்டோக்களுக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சூடாகி அப்படியே இறுகி நின்றுவிடும். தினமும் கை தானாகச் செய்கிற வேலை. அன்றைக்கு மறந்துபோனது. கடலூர் அறுபது கிலோமீட்டர். வடலூர் தாண்டி வயல்வெளியில் வண்டி நின்றுபோய், அவர் மறுபடியும் தள்ளிக்கொண்டு போவதுபோல் எனக்குக் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் தெரிந்தது.

தொட்டி வற்றும்வரை பழைய விலைக்கே ஊற்றினோம். கூட்டத்துக்கு முன்னால் மேனேஜரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. மறுநாள் காலையில் என்னை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில்கூட எனக்குப் பெரிதாக வருத்தம் வரவில்லை, மனசு முழுக்க அந்த எஞ்சினில் இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். அன்பழகன் வரவே இல்லை என்றார்கள். இரண்டாம் நாளும் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள். அம்மா யூனிட்டில் விசாரித்தாள், யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மணிமுத்தாறு பாலத்துக்கு அந்தாண்ட இருந்த அவர் வீட்டுக்குப் பாதிதூரம் நடந்துபோய், அங்கே என்ன பார்க்க நேருமோ என்று பயந்து திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் அவரே எங்கள் தெருவுக்கு வந்தார். ஆட்டோ சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். வண்டி ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். மல்லிகாவுக்குப் பரவாயில்லை, இன்னும் ரெண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள், துணி எடுத்துப்போக வந்தேன் என்றார். நான் ஆயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது.

“ஊத்தலன்னு தெரியும்மா” என்றார். “மந்தாரக்குப்பத்துல நிறுத்தி நானே ஊத்திக்கிட்டேன். சீட்டுக்கு அடியில எப்பவும் ஒரு பாட்டிலு இருக்குது. நீங்க ஊத்தற ஆயிலு அளவ நான் என்னிக்கி நம்புனேன்?”

என் வாழ்க்கையில் ஒருவர் என்னை நம்பாமல் போனதற்காக நான் நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான். ஆனால் ஸ்டாக் இல்லை என்று சொன்னதை மட்டும் அவர் ஏன் நம்பினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, “போயிட்டு வரேன்” என்று கிளம்பினார்.

மல்லிகா அதன் பிறகு அந்தக் கொட்டகை வேலைக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு மூன்று விலையேற்றத்தையும் அண்ணன் அந்த வண்டியோடு தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு நாள் விற்றுவிட்டு, இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒரு பனியன் கம்பெனியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. நான் வேலை பார்த்த பங்க்கும் இப்போது இல்லை, தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு அங்கே செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். ஆயில் புகை கக்குகிற ஆட்டோக்களும் ஊரில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. விலை பைசா பைசாவாக, நாம் தூங்கி எழுவதற்குள் மாறிவிடுகிறது. சாயங்காலச் செய்திக்கு யாரும் காத்திருப்பதில்லை. குழாயைப் பிடித்த பெண்ணிடம் யாரும் கத்துவதில்லை. எவ்வளவுக்கு என்று சொல்கிறோம், போனை நீட்டுகிறோம், போய்விடுகிறோம்.

பொங்கலுக்கு மல்லிகா போன் பண்ணினாள். மூச்சு இப்போது தேவலை என்றாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்காரு. இப்பல்லாம் யாருகிட்டயும் சத்தம் போடறதில்ல” என்றாள். “அதான் எனக்குப் பயமா இருக்குது.”